ஏழாவது வரிசை

ஒடெஸ்ஸா பிங்க்னிக்கு அந்தக் குழு பதினோரு நிமிடம் ஒதுக்கியது. அதில் நாலு நிமிடம் ஸ்டான் வோய்சிக் தன் சாண்ட்விச்சிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்குவதிலேயே போயிற்று.

தீயணைப்புப் படை மண்டபத்தில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரும் ஜூன் மாதம், கட்சி வேட்பாளர்களை ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் கட்சியின் ஆதரவு யாருக்கு என்று தீர்மானிக்கிறவர்கள். நடுவில் வோய்சிக். இருபது வருடமாகக் கவுண்டி என்கிற மாவட்டத்தின் கட்சித் தலைவர். எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை, ஆகவே எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை. எதிரே மடக்கு நாற்காலியில் ஒடெஸ்ஸா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்தேழு வயது, வெஸ்ட் ஹாலம் ஊரின் மூன்றாவது வார்டுக்கு இருபத்திரண்டு வருடமாகக் கட்சிப் பிரதிநிதி.

“நகர மன்றத்துக்கு நிக்கணும்னு உனக்கு என்ன திடீர்னு ஆசை?” என்றார் வோய்சிக்.

“திடீர்னு இல்லீங்க ஸ்டான். பதினோரு வருஷமா ஃபெர்ரி தெரு பம்பை மாத்துங்கன்னு கேக்குறேன். ஒரு நல்ல மழை பெஞ்சா ஊர்ச் சாக்கடையெல்லாம் எங்க தெரு நிலவறைக்குள்ளதான் வருது. போன மார்ச்சுல என் வீட்டுக்காரர் அந்தச் சேத்துல வழுக்கி இடுப்பை ஒடச்சிக்கிட்டாரு. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சிருச்சு. அதான் உள்ள போய் உக்காந்து நானே பண்ணிக்கலாம்னு.”

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குத்தானே அவர்கள் வந்திருந்தார்கள். மறுநாள் மாலை பட்டியல் வந்தது. மூன்றாவது வார்டுக்கு ப்ரெண்டன் கியோ. வோய்சிக்கின் மச்சினியின் மருமகன். வார்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, அதுவும் ஆற்றோரப் புதுக் கட்டடத்தில்.

ஒடெஸ்ஸா போன் போட்டாள். “அவன் மூணாவது மாடியில இருக்கான் ஸ்டான். அவன் வீட்டுக்குள்ள தண்ணி வரணும்னா பிரளயம் வந்து நோவா கப்பல் கட்டணும். அவனா பம்பைப் பத்திப் பேசப்போறான்?”

“உன் முறையும் வரும் ஒடெஸ்ஸா. நீ நம்ம குடும்பம் மாதிரி.”

“குடும்பமே நிக்குதே, அப்புறம் ‘மாதிரி’க்கு முறை எப்ப வரும்?” என்றாள். “நான் நிக்கிறேன். கட்சி ஆதரவு இல்லாமயே நிக்கிறேன்.”

 வோய்சிக், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல மென்மையாகச் சொன்னார்: “உன்னை எங்க போடுவாங்கன்னு உனக்கே தெரியுமேம்மா.”

தெரியும். அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நியூ ஜெர்சியில் அன்றைக்கு வாக்கு எந்திரம் என்பது ஒரு பெரிய பலகை. எல்லாப் பதவிக்கும் எல்லாப் பெயரும் அதில் ஒரே பார்வையில் தெரியும். கட்சியின் ஆசி பெற்றவர்களெல்லாம் முதல் வரிசையில், ஆளுநர் வேட்பாளர் உச்சியில், அவருக்குக் கீழே ஒவ்வொருவராக வார்டு மன்ற உறுப்பினர் வரை, ரயில் பெட்டிபோலக் கோத்திருப்பார்கள். ஆசி கிடைக்காதவர்களைக் கோடியில், ஆள் நடமாட்டமில்லாத மூலையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். உச்சியில் தெரிந்த பெயரைப் பார்க்கிற விரல் நேராகக் கீழே இறங்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஊரில் ஜூனில் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். நவம்பர் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு.

அந்த விரலுக்கு அப்படி இறங்கச் சொல்லிக்கொடுத்தது யார்? இதே ஒடெஸ்ஸாதான். இருபத்திரண்டு வருடம், வீடு வீடாக, சர்ச் வாசலில், முடிதிருத்தும் கடையில், துக்க வீட்டு விருந்தில்கூட, “முதல் வரிசை. மேலேருந்து கீழே. அங்க இங்க பாக்காதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் அவள். தெருவில் அவள் வருவதைப் பார்த்தாலே ஜனங்கள் கேலியாக அதைப் பாடுவார்கள். மூன்றாவது வார்டில் எழுத்தே தெரியாதவர்கள்கூட ஓட்டை வீணாக்கியதில்லை. கியோவைப்போல எத்தனை மச்சினி மருமகன்களை அவள் தன் வாயாலேயே மன்றத்துக்கு அனுப்பியிருக்கிறாள்! கணக்குப் பார்த்தால் ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒருவனாவது பம்பை எட்டிப் பார்த்ததில்லை.

வரிசைக்கான சீட்டைத் தேர்தல் நடத்தும் அதிகாரியான கவுண்டி எழுத்தர் குலுக்கினார். அந்தப் பதவிக்கும் தேர்தல் உண்டு, அவரும் முதல் வரிசையில் ஜெயித்து வந்த புண்ணியவான்தான். அவர் கைக்கு ஒவ்வொரு தடவையும் கட்சிச் சீட்டுதான் முதலில் அகப்படும், அந்தக் கைக்கு அப்படியொரு ராசி. ஒடெஸ்ஸாவுக்கு ஏழாவது வரிசை. அவள் பெயருக்கு மேலே ஆறு காலிக் கட்டங்கள். பக்கத்து வரிசையில், வரியே கூடாது என்று சொல்லி ஆறாவது முறையாக ஆளுநருக்கு நிற்கும் ஒரு பல் வைத்தியர்.

“நல்ல துணைதான் குடுத்திருக்காங்க. பல்லு வலிச்சா பக்கத்துலயே காட்டிக்கலாம்” என்றான் அவள் கணவன் ராஸ்கோ.

அவள் சிரிக்கவில்லை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் நடுவில் பேருந்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எண்ணூறு கதவுகள். ஒவ்வொரு வாசலிலும் அட்டையில் வரைந்த பலகையைக் காட்டினாள். “இதோ, வலது கோடி. ஏழாவது வரிசை. இங்க நான் மட்டும் தனியா நிக்கிறேன்.”

“அப்போ முதல் வரிசைக்குப் போட வேணாமா டெஸ்ஸா?” என்று கேட்டார்கள். பாதிப் பேர் பயந்துகொண்டு கேட்டார்கள். கட்சிக்கு எதிராகப் போட்டால் நகராட்சி வேலையில் இருக்கும் மகனுக்கு ஏதாவது வருமோ என்ற பயம்.

அங்கேதான் அவள் புத்தி புல் மேயப் போயிற்று. இருபத்திரண்டு வருட விசுவாசம் ஒரே நாளில் ரத்தத்தை விட்டுப் போகுமா? ஆளுநர் வேட்பாளர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் கடைசிக் கட்டத்தில் இருந்த கியோ மேல்தான். ஆகவே எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். “எப்பவும் போல போடு. பயப்படாதே. போட்டு முடிச்சுட்டு, கடைசியா கோடிக்கு வந்து என் பேரைத் தொட்டுட்டுப் போ.”

எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

ஜூன் ஆறாம் தேதி காலை ஆறு மணிக்குப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் ஆளாக அவள் ஓட்டுப் போட்டாள். திரைக்குள் போனதும் விரல் அவளைக் கேட்காமலே முதல் வரிசையில் இறங்கியது. ஆளுநர், பச்சை விளக்கு. அடுத்தவர், பச்சை விளக்கு. கியோவின் பெயருக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும்தான் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். “ஏ கழுதை” என்று தன் விரலையே திட்டினாள். அங்கிருந்து கோடிக்குப் போய்த் தன் பெயரை அழுத்தினாள். பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் விரல் முதல் வரிசையைத் தாண்டிப் போனது அன்றுதான்.

வாசலிலிருந்து நூறடி தள்ளி ஆரஞ்சுக் கூம்பு ஒன்று வைத்திருந்தார்கள். அதற்குள்ளே யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. ஒடெஸ்ஸா கூம்பைத் தொட்டபடி நாள் முழுக்க நின்றாள். வெளியே வந்தவர்களெல்லாம் கண்ணடித்தார்கள், கட்டை விரலை உயர்த்தினார்கள். எதிர்ப் பக்கத்தில் வோய்சிக்கின் ஆட்கள் டோனட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வரிசை அட்டையை நீட்டினார்கள். அந்த அட்டையின் வாசகம்கூட அவள் சொல்லிக்கொடுத்ததுதான். ஜனங்கள் டோனட்டை வாங்கித் தின்றுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஐந்து மணிக்கு ஐரிஸ் கின்யோனஸ் வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, சலூன் வைத்திருக்கிறவள். வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள்.

“அக்கா, உன் பேரு மட்டும் எரியல.”

“என்ன எரியல?”

“லைட்டுக்கா. நீ சொன்ன மாதிரியே முதல் வரிசை பூரா மேலேருந்து கீழே போட்டேன். எல்லாம் பச்சையா எரிஞ்சுது. அப்புறம் கோடிக்கு வந்து உன் பேரை அமுக்குறேன், அமுக்குறேன், மினுக்கக்கூட இல்ல. மெஷின் கெட்டுப்போச்சான்னு கேட்டேன். ‘பச்சை எரிஞ்சுதா? எரிஞ்சா சரிதான்’னான் அங்க மேசையில உக்காந்திருந்த ஆளு. பின்னாடி ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க. நான் பதிவு பண்ணுற பட்டனை அமுக்கிட்டு வந்துட்டேன். உனக்கு விழுந்திருக்கும்தானே?”

ஒடெஸ்ஸா மனதுக்குள் பலகையை ஓட்டிப் பார்த்தாள். மேலேயிருந்து கீழே. கடைசிக் கட்டம் வரை. கடைசிக் கட்டத்தில் கியோ. வார்டுக்கு ஒரே இடம். ஒரு பெயரை அழுத்திவிட்டால் அதே பதவிக்கு இன்னொரு பெயர் எரியாது. முதலில் அழுத்தியதை மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும். பலகையின் மூலையில் எறும்பு எழுத்தில் அது எழுதியும் இருக்கிறது. முதல் வரிசையோடு நின்றுவிடுகிறவர்களுக்கு அதைப் படிக்க என்ன அவசியம்? மூன்றாவது வார்டில் அதை யாரும் படித்ததே இல்லை. சொல்லிக்கொடுத்தவளே படித்ததில்லை.

“எத்தனை பேரு இப்படிப் போட்டாங்களோ ஐரிஸ்?”

ஐரிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. “ஐயோ அக்கா” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “சலூன்ல காலையிலேருந்து நாலு பேரு இதையே சொன்னாங்க. நான் மெஷின் பழசுன்னு நெனச்சேன்.”

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். கடா பாய்ந்தால் அதற்காவது கொம்பு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது அவளே புல்லும் தண்ணீரும் கொடுத்து, கொம்பையும் சீவிவிட்டு, நெஞ்சையும் திறந்து காட்டிய கதை.

ஓட்டுப்பதிவு முடிய மூன்று மணி நேரம் இருந்தது. ஒடெஸ்ஸா கூம்புக்குப் பின்னால் நின்று கத்த ஆரம்பித்தாள். நாற்பது குழந்தைகள் இருக்கும் பேருந்தைக் கண்ணாடியைப் பார்த்தபடியே அடக்குகிற குரல் அது.

“கியோவைத் தொடாதே! மொதல்ல என் பேரு! மொதல்ல கோடிக்குப் போ! நான் சொன்னது தப்பு! கேக்குதா, நான் சொன்னது தப்பு!”

வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். கிழவர் ஒருவர், “மேலேருந்து கீழேதானேம்மா?” என்று கேட்டார். அவள் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு காற்றில் வரைந்து காட்டினாள். ஐரிஸ் சலூனைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஓடினாள். ஒடெஸ்ஸா கெஞ்சினாள், திட்டினாள், தன்னையே திட்டினாள். ஆறரை மணிக்கு வோய்சிக் தானே காரிலிருந்து இறங்கி, ஒரு போலீஸ்காரரோடு வந்தார்.

“உன் குரல் நூறடியைத் தாண்டுது ஒடெஸ்ஸா.”

“குரலுக்கும் கூம்பு வச்சிருக்கீங்களா?”

“சட்டம்னா சட்டம்தான்.”

போலீஸ்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நூறடி பின்னால் போய், எதிர்ச் சாரியின் நடைபாதையில் ஏறி நின்று, இன்னும் பலமாகக் கத்தினாள். எட்டு மணிக்குக் கதவை மூடும்போது தொண்டையில் காற்றுதான் வந்தது.

கியோ நானூற்றுப் பன்னிரண்டு. பிங்க்னி முந்நூற்று எண்பத்தொன்பது. இருபத்துமூன்று ஓட்டு வித்தியாசம். கியோ ஆற்றோர உணவகத்தில் நன்றி சொன்னானாம். பேச்சில் மூன்றாவது வார்டை இரண்டாவது வார்டு என்று சொன்னானாம். யாரும் திருத்தவில்லையாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வோய்சிக் அவள் வீட்டுப் படியில் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் படியில் அவர் கால் பட்டதில்லை. கையில் ஓர் அட்டைப் பெட்டி. ராஸ்கோ சமையலறையில் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு முட்டை தின்றுகொண்டிருந்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

“மனசுல வச்சுக்காதே ஒடெஸ்ஸா” என்றார் வோய்சிக். “நல்லாத்தான் போட்டி போட்டே. நவம்பர் வருது. ப்ரெண்டனுக்கு இந்த வார்டுல ஒரு ஆளையும் தெரியாது. நீதான் கூட்டிட்டுப் போகணும். அட்டையெல்லாம் கொண்டாந்திருக்கேன். ரெண்டு வருஷம் பொறு. உன்னை முதல் வரிசையில போடறேன், என் வார்த்தை.”

“பம்பு?”

“ப்ரெண்டன் கவனிப்பான்.”

அவள் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். வழவழ காகிதம். “முதல் வரிசை. மேலிருந்து கீழ்.” அவளுடைய சொற்கள். 

“ஸ்டான்,” என்றாள் கம்மிப்போன குரலில், “ஏழாவது வரிசையில, ஆறு காலிக் கட்டத்துக்குக் கீழ, பல்லு டாக்டர் பக்கத்துல என்னைப் போட்டே. என் வாயாலயே என்னைத் தோக்கடிச்சே. அப்படியும் இருபத்திமூணுதான். அதான் ராத்திரி பூரா தூக்கம் வரல, விடிஞ்சதும் என் படியேறி வந்துட்டே. இல்லேன்னா என் வீட்டு நம்பரே உனக்கு ஞாபகம் வந்திருக்குமா?”

வோய்சிக்கின் முகத்தில் ஏதோ ஒன்று சுருங்கியது. அவள் அவரை ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை.

“கோவத்துல பேசுறே.”

“ஆமா, கோவத்துலதான் பேசுறேன். வேற எதுல பேசுவாங்க? எடுத்துட்டுப் போ. மழை வரப்போகுது, நனைஞ்சுரும். இல்ல, இருந்து பாரு. அரை மணி நேரத்துல நிலவறைக்குத் தண்ணி வந்துரும். உன் அட்டைய அதுல மிதக்க விடலாம்.”

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கதவை அவள் அறைந்த அறையில் சுவரிலிருந்த படம் சாய்ந்தது. சமையலறைக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தாள், உடைத்துவிடுவதுபோலத் தேய்த்தாள்.

“அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் திருடன், திருடன் வேலையைச் செஞ்சான். இந்த இருபத்திமூணு பேரு! லைட்டு எரியலன்னா ஏன்னு கேக்கத் தெரியாதா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாங்க? கால்ல விழுந்து கேட்டேனே, எண்ணூறு வீடு ஏறினேனே. அதுல ஒருத்தன் பேரு, ஒரே ஒருத்தன் பேரு எனக்குத் தெரியட்டும், போய் மூஞ்சிக்கு நேரா கேக்குறேன்!”

ராஸ்கோ முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

“ஒரு பேரு எனக்குத் தெரியும் டெஸ்ஸா” என்றான்.

அவள் திரும்பினாள்.

“பத்து மணிக்குப் போனேன். இடுப்பு வலி. மேலேருந்து கீழே போட்டுட்டுக் கோடிக்கு வந்தேன், நீ சொன்ன மாதிரிதான். உன் பேரு எரியல. நாலு தடவ அமுக்கினேன். ரொம்ப நேரம் நிக்க முடியல. வெளிய வந்தா நீ கூம்புகிட்ட நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் இடுப்பைப் பார்த்தாள். அந்த இடுப்புக்காகத்தான் அவள் நின்றாள். பத்து மணிக்கு அவன் வாய் திறந்திருந்தால் அவளுக்குப் பத்து மணி நேரம் கிடைத்திருக்கும்.  அவனைத் திட்ட வாயெடுத்தாள். திட்டினால் எந்த வார்த்தையால் திட்டுவது? அவன் தலைக்குள் இருந்த வார்த்தைகளும் அவள் போட்டவைதானே.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் நிலவறைக் கதவின் இடுக்கு வழியாக அந்த நாற்றம் மேலே ஏறி வந்தது.

ஒடெஸ்ஸா குழாயை மூடினாள். இழுப்பறையைத் திறந்து கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்தாள். நிலவறைக் கதவின் வெள்ளைப் பூச்சில் மேலிருந்து கீழ் வரை ஏழு வரிசை போட்டாள். கட்டம் கட்டமாகப் பிரித்தாள். முதல் வரிசையின் அடியில் கியோ என்று எழுதினாள். ஏழாவதின் அடியில் தன் பெயரை எழுதினாள். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முதல் படியை நக்கும் சத்தம் கேட்டது.

“எழுந்து வா” என்றாள்.

“டெஸ்ஸா, தேர்தல்தான் முடிஞ்சு போச்சே...”

“எழுந்து வா ராஸ்கோ. கைத்தடிய எடு. விரல நீட்டு.”

அவன் வந்து கதவின் முன்னால் நின்றான். விரலை நீட்டினான். விரல் தானாக முதல் வரிசையின் உச்சிக்குப் போயிற்று. அவள் அதை ஓங்கி அடித்தாள்.

“மறுபடி” என்றாள்.